முகூர்த்தப் புடவையை மடித்தவள்

ஆகஸ்ட் 18, திங்கள்

கல்யாணப் பெண் ரக்ஷிதாவின் முகூர்த்தப் புடவை மடிக்க வந்துவிட்டது. அரக்குச் சிவப்பு, கைத்தறிப் பட்டு, ஒரு சாண் ஜரிகைக் கரை. கரை கனம், உடம்பு லேசு. அவசரமாக மடிப்பு வைத்தால் கரை மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். மேலே மெல்லிய மல் துணி போட்டுத்தான் இஸ்திரி, ஜரிகையில் நேராகச் சூடு பட்டால் கறுத்துப்போகும். முந்தானையும் கொசுவமும் மடித்து, கிளிப் போட்டு முடிக்க மூன்று மணி நேரம். முதுகு போய்விட்டது. ஆனால் பார்க்க நன்றாக இருக்கிறது, பொய்யாக அடக்கம் காட்ட மாட்டேன்.

கல்யாணம் அடுத்த வெள்ளி. என்னோடு சேர்ந்து தொழில் செய்யும் வீணா மண்டபத்துக்குப் போய்க் கட்டிவிடுவாள். நான் வீட்டில் மடிக்கிறவள், அவள் கட்டிவிடுகிறவள். என் கணவர் உத்தமன் இறந்த பிறகு மூன்று வருடமாக இப்படித்தான். "கல்யாண வீட்ல யாராச்சும் ஏதாச்சும் கேட்டு உன் மனசு நோகக் கூடாதுடி" என்று வீணாதான் சொன்னாள். அன்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 20, புதன்

கீழ்வீட்டு லீனா போனைக் கொண்டுவந்து காட்டினாள். "அக்கா, இது நீங்க மடிச்ச சேலைதான?"

ஆமாம். எங்கள் இன்ஸ்டா பக்கம். அதை வீணா பார்த்துக்கொள்கிறாள், நான் படம் எடுத்து அனுப்புவதோடு சரி, எட்டிப் பார்ப்பதில்லை. என் கட்டில், என் மடிப்பு, ஓரத்தில் என் விரல்கூடத் தெரிகிறது. கீழே எழுதியிருந்தது: 'முகூர்த்தப் புடவையைச் சுமங்கலி கை மட்டுமே தொடும். இது எங்கள் உறுதி.'

மூன்று முறை படித்தேன். லீனா போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போ அது யார் கை?

ஆகஸ்ட் 21, வியாழன்

புடவையை எடுத்துப்போக வீணா வந்தாள். கேட்டுவிட்டேன்.

"ஏனு மாடோது பிரபா, என்ன பண்றது? கஸ்டமருங்களே அதைத்தான கேக்கறாங்க." மாட்டிக்கொண்டால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும்.

"அப்ப என்னை ஏன் மடிக்கச் சொல்ற?"

"உன்ன மாதிரி யாரு மடிப்பா? நீ மடிக்கறது யாருக்குத் தெரியப் போவுது, விடு."

பாராட்டாம்! சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நானும் புடவையை எடுத்துக் கொடுத்தேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன் — அதைத்தான் தாங்க முடியவில்லை. எதுக்குடி டீ போட்டுக் குடுத்த? சூடு சொரணை இருக்கா உனக்கு?

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்று இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

ரக்ஷிதாவின் அம்மா சுனிதாவுக்கு நானே போன் செய்தேன். புடவையை மடித்தது நான், எனக்குக் கணவர் இல்லை, உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெண் உடுத்த வேண்டாம் என்று சொன்னேன்.

"நாங்க அப்படி எதுவும் கேக்கலியேம்மா," என்றார். "வீணாதான் தானா வந்து சொன்னாங்க, இதுல நாங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்னு."

கேட்கவே இல்லையா?

"அப்ப இந்த மடிப்பு இருக்கட்டுங்களா?"

"சொல்லாம இருந்தா ஒண்ணுமில்லம்மா. இப்ப காதுல விழுந்துடுச்சு... வீட்ல பெரியவங்க வேற இருக்காங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

மூன்று வருடம். முகம் தெரியாத எத்தனை அம்மாக்களை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! அவர்களில் ஒருத்தியாவது கேட்டிருப்பாளா? கேட்காதவர்களுக்கும் இவள் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என்னை வைத்தே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீணா போனில் கத்தினாள். நான் மடித்ததைப் பிரித்துவிட்டு அவளையே மறுபடி மடிக்கச் சொல்லிவிட்டார்களாம். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

என் பொழப்பு. நம்ம பொழப்பு என்று வாய் தவறிக்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ரக்ஷிதாவின் கல்யாணப் படத்தை வீணா இன்ஸ்டா பக்கத்தில் போட்டிருக்கிறாள். தோளில் மடிப்பு விரிந்து, கரை சரிந்து கிடக்கிறது. சந்தோஷப்பட நினைத்தேன், வரவில்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தது?

செப்டம்பர் 9, செவ்வாய்

லீனா என் பெயரிலேயே ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தாள். இன்று முதல் அழைப்பு. இங்கே பெங்களூர் வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் சேலத்துப் பெண், பெயர் சிந்து. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். என்னையே மடித்துக் கட்டிவிடச் சொன்னாள்.

"எனக்குக் கணவர் இல்லைம்மா. மூணு வருஷம் ஆச்சு. அதை முதல்லயே சொல்லிடறேன்," என்றேன்.

"ஐயோ, ஸாரிக்கா," என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஆனா நான் அதைக் கேக்கலியேக்கா. ஆறு மணிக்கு முகூர்த்தம். நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?"

நான்கு மணிக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் வீணா இல்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லியிருக்கிறேன்.