நிரம்பாத வட்டுக்கு வழங்கப்பட்ட தேர்ச்சி

அனுப்புநர்
தபீதாள் வேதநாயகம்,
மென்பொருள் சோதனையாளர் (ஒப்பந்தம்),
நில ஆவணச் சேமிப்பு மையம்,
சித்தூர்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நில ஆவணச் சேமிப்பு மையத் தலைமையகம்,
திருப்பதி.

பொருள்: நடக்காத சோதனைக்குத் தேர்ச்சி அளித்தது – 17.11.2025 அன்று தொடங்கும், பட்டா ஆவணங்களைக் கணினி வட்டில் ஏற்றும் பணியை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தெலுங்கில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு மனுக்கள் அனுப்பினேன். பதில் இல்லை. குறை மொழியில்தான் இருந்திருக்கும் என்று கருதி, நம் இருவருக்கும் தாய்மொழியான தமிழில் எழுதுகிறேன்.

1. வட்டு நிரம்பி வழிந்தாலும் அதில் ஏற்றிய பட்டாக்கள் அழியாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் சோதனை. சோதனைக்கான வட்டைக் கணினிக்குள்ளேயே உருவாக்கும் மென்பொருள் கருவி, அளவு சொல்லாவிட்டால் 64 எம்பி தரும். அதில் 100 எம்பி எழுதி நிரப்புவோம். சென்ற மாதம் வந்த புதிய பதிப்பு, சொல்லாவிட்டால் 1 ஜிபி தருகிறது. வட்டு நிரம்பவில்லை, சோதனை தோற்றது.

2. அளவைக் குறிப்பிடாமல் இந்தச் சோதனை நிரலை ஏழாண்டுகளுக்கு முன் எழுதியது நான்தான். கருவி என்றும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பினேன். நாற்பதைக் கடந்தவள் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

3. மேற்பார்வையாளர் திரு. முனிகிருஷ்ணன் பத்தே நிமிடத்தில் தீர்வு கண்டார். ‘வட்டு நிரம்பியதா’ என்று கேட்கும் வரியை நீக்கிவிட்டார். தேர்ச்சி என்று திரை பச்சையானது. திருச்சானூர் லட்டு வழங்கப்பட்டது. நானும் ஒன்று பெற்றுக்கொண்டேன். ஆட்சேபித்தபோது, “எல்லாம் பச்ச வந்துச்சி மேடம், இன்னும் இன்னாத்துக்கு நோண்டிக்கினு?” என்றார். வரியை நீக்க எவர் கையெழுத்தும் தேவைப்படவில்லை. ‘64 எம்பி’ என்று ஒரு வரி சேர்க்க மட்டும் தங்கள் அனுமதி வேண்டுமாம்.

4. அந்த வரியைச் சேர்த்து என் சொந்தக் கணினியில் சோதித்தேன். பழைய பதிப்பிலும் புதியதிலும் வட்டு ஒழுங்காக நிரம்பியது. நிரம்பியதும், கடைசியாக ஏறிய பதினொரு பட்டாக்கள் வெற்றுப் பக்கங்களாகத் திரும்பி வந்தன. நல்லவேளையாக அவை மாதிரிப் பட்டாக்கள். கார்த்திகை சோமவாரம் என்று நாள் பார்த்து ஏற்றப்போகும் நகரி, புத்தூர் மண்டலப் பட்டாக்கள் மாதிரி அல்ல.

ஆகவே, திங்கட்கிழமைப் பணியை நிறுத்தி, அந்த ஒரு வரிக்கு அனுமதி அளித்து, பிழையைத் திருத்த ஒரு வாரம் தருமாறு வேண்டுகிறேன். சுபமுகூர்த்தத்தைத் தள்ளிவைக்க இயலாதெனில், கடைசியாக ஏறவிருக்கும் பதினொரு குடும்பங்களின் முகவரியையாவது அனுப்பிவைக்கவும். இருக்கும் காகிதப் பட்டாவைப் பத்திரப்படுத்தச் சொல்லி, நானே வீடு வீடாகப் போய் வருகிறேன்.

இடம்: சித்தூர்
நாள்: 14.11.2025

தேர்ச்சிச் சான்றில் ‘சோதித்தவர்’ எனக் குறிக்கப்பட்டுள்ள,
தபீதாள் வேதநாயகம்