மலையிலிருந்து வந்த விதைக்கிழங்கு

பாசமுள்ள மதினி,

விடியக்காலம் ஒரு சொப்பனம். நம்ம கொல்லைச் செம்மண் முழுக்க உருளைக்கிழங்குச் செடி பூத்துக் கிடக்கு, வெள்ளை வெள்ளையா. பனி முழங்கால் அளவுக்கு நிக்குது. அதுக்குள்ள நீங்க சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு மெதுவா நடந்து போறீங்க. கூப்பிட்டேன், திரும்பல. எந்திரிச்சு வந்து பாத்தா கொல்லை வெறுங் கொல்லையா கிடந்துச்சு.

ஆலங்குடிப் பக்கம் உருளைக்கிழங்கான்னு ஊரே சிரிச்சது நெனப்பிருக்கா? ஊட்டிப் பக்கம் கிழங்குக் காட்டு வேலைக்குப் போன அண்ணன், அங்கேயே உங்களைக் கல்யாணம் முடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாரு. கூடவே ஒரு சாக்கு விதைக்கிழங்கு, உங்க அம்மா கொடுத்துவிட்டது. "இது மொளைக்கிற மண்ணுன்னா அங்கேயே இரு. மொளைக்கலைன்னா திரும்பி வந்துரு"ன்னு சொல்லித்தான் அனுப்புனாங்களாம். அதைக் கேட்டதுலேருந்து, எங்கே நீங்க திரும்பிப் போயிருவீங்களோன்னு எங்க ஆத்தாவுக்குப் பயம். எனக்கும்தான். வந்த நாலு நாள்லயே நீங்க எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி ஆயிட்டீங்களே.

அந்தப் பதட்டத்துல ஆத்தா செஞ்ச காரியம் இருக்கே! மார்கழிக் குளிருக்கு நட நீங்க கிழங்கை வெட்டி, சாம்பல் தடவி, நெழல்ல ஆற வச்சிருந்தீங்க. சேனைக்கிழங்குக்குச் செய்யிற மாதிரி ஆத்தா அத்தனையையும் சாணிப்பால்ல முக்கி, ஈரச்சாக்கைப் போட்டு மூடிருச்சு. நல்லா மொளைக்கட்டுமேன்னுதான். பெறகு சாக்கைத் தூக்குனா, வெள்ளைப் பூஞ்சாணம் பஞ்சு மாதிரி படர்ந்து குப்புன்னு நாத்தம். ஆத்தா தலையில கை வச்சு உக்காந்துருச்சு. நீங்க ஒரு வார்த்தை ஏசல. அழுகுனதைத் தள்ளிட்டு, நல்லதைப் பொறுக்கி மறுபடியும் சாம்பல்ல பொரட்டுனீங்க.

அது மொளைச்சு, எலை விட்டு, ரெண்டு மூணு பூவும் பூத்துச்சு. அப்பறம் ஒரு பனிக்காலையில எலையெல்லாம் கருப்புக் கருப்பா பொட்டு. கண்ணு பட்டுருச்சுன்னு ஆத்தா மொளகா சுத்திப்போட ஓடுச்சு. "இது கண்ணு இல்ல அத்தை, பூஞ்சாண நோவு. எங்கூருல பனி எறங்குனா வரும். பிடுங்கி எரிக்காட்டி அம்புட்டும் போயிரும்"னீங்க.

பச்சைப் பயிரை எரிக்கிறதா? ஆத்தா உங்க காலைப் பிடிக்காத குறைதான். நீங்க அழுதுக்கிட்டே பிடுங்குனீங்க, நான் அழுதுக்கிட்டே சுமந்து கொல்லை மூலையில போட்டேன். பச்சைச் செடி லேசுல எரியுமா? நாள் பூரா புகைஞ்சுச்சு. அந்தப் புகைக்குள்ளயே நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க.

தப்புன ஒத்தை வரிசையைத் தோண்டுனோம். எல்லாம் கோலிக்குண்டு அளவு, ஒரு சொளகுகூட நெறையல. அண்ணன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, "சரி புள்ள, கிளம்பு. ஒன்னைய ஊருல விட்டுட்டு வாரேன்"னாரு. நீங்க ஒரு கிழங்கை முந்தானையில தொடைச்சு அவரு கையில வச்சு, "மொளைச்சிருச்சுல்ல?"ன்னீங்க. ஆத்தா ஓடியாந்து உங்களைக் கட்டிக்கிச்சு. நான்? வெக்கத்தை விட்டுக் குதிச்சேன்.

உண்மையிலேயே ஆசைப்பட்டுத்தான் இங்கேயே இருந்தீங்களா மதினி, இல்ல எங்க மூஞ்சிக்காகவா? கேக்கணும் கேக்கணும்னே இத்தனை வருசத்தை ஓட்டிட்டேன். இந்த ஆவணியில காய்ச்சல்னு படுத்த நீங்க எந்திரிக்கவே இல்லையே.

இப்ப ஊருக்குக் கரண்டு வந்திருச்சு. வெளிச்சத்துல ஆத்தா முகம் ரொம்ப வயசானதாத் தெரியுது. அண்ணன் பாதிச் சோத்துலயே எந்திரிச்சுப் போயிர்றாரு. உங்க அம்மாவுக்குத் தந்தி அடிக்கப் போனவரு, தபாலாபீஸ் வாசல்லேருந்தே திரும்பி வந்துட்டாரு. அவங்களுக்கு இன்னும் சேதி தெரியாது.

இன்னைக்கு லாரிக்காரர் வந்து ஒரு சாக்கை எறக்குனாரு. வருசா வருசம் உங்க அம்மா அனுப்புற விதைக்கிழங்குதான். "மகளுக்குன்னு ஒவ்வொண்ணா பொறுக்கிப் போட்டாங்க, நோவு ஒண்ணுகூட இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்றாரு மனுசன். நடந்ததைச் சொல்லாமலே அவரை அனுப்பி வச்சோம்.

நாளைக்கு நான் பஸ் ஏறுறேன். கேட்டுக் கேட்டு மலைக்குப் போயிருவேன். உங்க அம்மாகிட்ட நானே சொல்றேன் மதினி. ஏசட்டும், அடிக்கட்டும், வாங்கிக்கிறேன். நீங்க உங்க அம்மாவை விட்டுட்டு எங்க வீட்டுல இருந்தீங்கல்ல? எங்க ஆத்தாவை விட்டுட்டு நான் உங்க வீட்டுல இருக்கேன். அவங்களா போன்னு சொல்ற வரைக்கும் வரமாட்டேன், இது சத்தியம்.

உங்க நாத்தனா,
வள்ளிக்கண்ணு