தலை சுற்றலுக்கு வயிற்றில் ஆபரேஷன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. முந்தாநாள் அச்சகத்திலிருந்து போன் போட்டேனே, இதைச் சொல்லத்தான் போட்டேன், உன் குரலைக் கேட்டதும், சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன், எங்கள் அச்சக டைப்பிஸ்ட் இதைத் தன் போனில் போட்டோ பிடித்து இன்றே அனுப்பிவிடுவார்.

அம்மா உன்னோடு பேசாதது கோபத்தால் இல்லை. நாக்கு குழறுகிறது, அதை நீ கேட்டுவிடக் கூடாதாம். முதலில் ஊசியில் நூல் கோக்கத் தடுமாறினாள், பார்வைதான் என்று கண்ணாடியை மாற்றினோம். பிறகு தையல் மெஷினை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்தாள், குடிச்சவ மாதிரி நடக்கிறியே என்று எதிர்வீட்டுக்காரி கேட்டே விட்டாள், ஊத்திக் கொடுத்ததே நீதானே என்று உன் அம்மாவும் விடவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள், நான் ஒரு மடையன், ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். நரம்பு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, உடம்பு முழுக்கப் பார்க்கச் சொன்னார். சினைப்பையில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது கண்ணு. சின்னதுதான், வலிகூட இல்லை. அதை அடிக்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் தெரியாமல் மூளையையும் சேர்த்து அடிக்கிறதாம். சீக்கிரம் கட்டியை எடுத்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம், போனது திரும்பி வருவது கஷ்டம் என்கிறார்.

அவள் மாட்டவே மாட்டேன் என்கிறாள். சட்டைக்குக் கை சரியில்லேன்னா யாராவது பாக்கெட்டைப் பிரிப்பாங்களா, தலை சுத்துதுன்னு போனவளுக்கு எதுக்கு வயித்தை அறுக்கணும் என்று கேட்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன், பட்டினி கிடந்தும் பார்த்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தட்டை எடுத்து வருகிறாள், பாதி வழியிலேயே சிந்திவிடுகிறது. போன வாரம் வரை தன் கையால் சாப்பிட்டவளுக்கு இப்போது நான் ஊட்டுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்.

நீ சொன்னால் கேட்பாள். நாளை சாயங்காலம் போனை அவள் காதில் வைக்கிறேன். பதில் வராது, லைன் போய்விட்டது என்று நினைத்துவிடாதே, பேசிக்கொண்டே இரு. அழ மட்டும் அழாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா

மறந்துவிடாதே, அவள் 'ம்' என்று ஒரு சத்தம் கொடுத்தாலும் போதும், அதையே சம்மதம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்.