கூஃபக்ஸ் கட்சி

மார்க்ஸ் டோர்மோய், பாரிஸ்
30.06.2024

அன்பு மகன் லவனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். போனில் கதைத்தால் இரண்டாவது நிமிடமே நாம் சத்தம் போடத் தொடங்கிவிடுகிறோம். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நிற்கிறாள். ஆகவே இனித் தாளில் சண்டை பிடிப்போம். உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு திரிந்ததற்கும் ஒரு பிரயோசனம் வேண்டும்.

வில்லி மேஸ் போய்விட்டார். தொண்ணூற்று மூன்று வயது, குறை சொல்ல முடியாத சாவு. உயிரோடு இருக்கும் பேஸ்போல்காரர்களில் ஆகப் பெரியவர் என்று இத்தனை காலமும் அவரைத்தானே சொன்னார்கள். இப்போது அந்தக் கதிரை காலி. யாரை இருத்துவது? லா சப்பல் கடைத்தெருவில் இதைக் கதைக்க எனக்கு ஆளில்லை. பலசரக்குக் கடைப் பிரசாந்தனிடம் வாயைத் திறந்தேன். "அண்ணை, மட்டையை உலக்கை மாதிரிச் செய்துபோட்டு ஓடிப் பிடிச்சு விளையாடுறாங்கள். அதிலை என்ன பெரியவன் சின்னவன்?" என்கிறான். ஆனாலும் கியூபெக் அணிச் சட்டையோடு நீ நிற்கும் படத்தைக் கல்லாவுக்கு மேலே, பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான். கறிவேப்பிலை வாங்க வருபவர்களுக்கெல்லாம் உன் முதுகில் எழுதியிருக்கும் என் பெயரைத் தொட்டுக் காட்டுகிறான்.

நான் கூஃபக்ஸ் கட்சி. பெரிய தொடரின் முதல் ஆட்டம் தன் சமயத்தின் விரத நாளில் வந்தபோது, நாடே பார்த்திருக்க, இன்றைக்குப் பந்து எறிய மாட்டேன் என்றவர். முழங்கை பழுதானதும் முப்பது வயதில், உச்சியில் நின்றபடியே, போதும் என்று இறங்கியவர். கந்தசஷ்டிக்கு விடுப்புக் கேட்கப் பயந்து பிரெஞ்சுக்காரனின் குசினியில் மாட்டிறைச்சி வாட்டியவன் நான். அந்த மனிதனின் பெருமை எனக்குத் தெரியும்.

ஸ்தேனுக்கு அப்பால் அந்தக் கிளப் மைதானத்தில், குளிருக்குள் வாங்கில் இருத்தி நீ எனக்குச் சொல்லித்தந்த விளையாட்டு இது. இப்போது உன்னோடேயே வாதாடுகிறேன். உன் கட்சி எது?

அம்மாவுக்கு வாரத்தில் ஒருமுறையாவது போன் எடு.

அன்புடன்,
அப்பா


கியூபெக்
21.07.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத் தமிழில் இவ்வளவு எழுதியது சோதனை மண்டபத்தில்.

நான் பொண்ட்ஸ் கட்சி. எழுநூற்று அறுபத்திரண்டு ஹோம் ரன். அவரைவிட அதிகம் அடித்தவர் இல்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்: ஊசி, மருந்து, அதனால்தான் புகழ் மண்டபத்தில் இன்னும் இடம் கொடுக்கவில்லை. ஆனால் உங்கள் கூஃபக்ஸும் முழங்கையில் ஊசி ஏற்றிக்கொண்டுதான் எறிந்தார். அந்தக் காலத்தில் அதை வைத்தியம் என்றார்கள். எந்த ஊசி வைத்தியம், எந்த ஊசி களவு என்று வாங்கில் இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். தோள் வலிப்பது வேறு ஒருவனுக்கு.

இங்கே போன கிழமை மொன்றியலில் இருந்து ஒருவர் வந்தார். பெயர் தில்லையம்பலம். பேப்பரில் என் பெயரைப் பார்த்தாராம். நீங்கள் பாரிசுக்கு வந்த புதிதில் உங்களோடு ஒரே அறையில் இருந்தவராம். பேஸ்போலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும், பிழையாகப் போனதற்கும், எழுந்து நின்று கைதட்டினார். முடிந்தபின் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "கொப்பரை அப்படியே உரிச்சு வைச்சிருக்கு" என்று உங்களைச் சொன்னார். ஒரு பெட்டி நிறையப் பருத்தித்துறை வடை தந்தார். ஏன் ஒருநாளும் அவரைப் பற்றிச் சொன்னதில்லை?

அம்மாவுக்கு முத்தங்கள்.

லவன்


மார்க்ஸ் டோர்மோய்
15.08.2024

அன்பு மகனுக்கு,

உன் வாதம் வக்கீல் வாதம். வலியைத் தாங்க ஊசி போடுவது வேறு, இல்லாத பலத்தை ஊசியால் வாங்குவது வேறு. பொண்ட்ஸ் என்ன செய்தார், செய்யவில்லை என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். நான் பொதுவில் சொல்கிறேன். ஏமாற்றி வென்றவன் தனக்கு மட்டும் ஒன்றை எடுத்துக்கொள்வதில்லை. நேர்மையாக நின்ற ஒருவனுடைய இடத்தை எடுத்துவிடுகிறான். அந்த மற்றவனின் பெயர் ஒருவருக்கும் தெரிய வராது. கள்ளன் கள்ளன்தான், எத்தனை அடித்தாலும்.

தோள் வலிக்கிறதா? நீ எழுதியதைப் பார்த்து அம்மா கேட்கிறாள். வலித்தால் ஓய்வெடு.

தில்லையம்பலம் என்று ஒருவர் இருந்தார்தான். அந்த அறையில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவரோடு அதிகம் பழக வேண்டாம். கொஞ்சம் மனம் குழம்பிய ஆள்.

அப்பா


மார்க்ஸ் டோர்மோய்
22.09.2024

லவன்,

நீ எங்களுக்குச் சொல்லவில்லை. பிரசாந்தன் கடையில் நான்கு பேர் நிற்கும்போது, யாரோ ஒரு பெட்டை போனை நீட்டி, "அங்கிள், இது உங்கடை மகனோ?" என்று கேட்டாள். தடை செய்த மருந்து, பரிசோதனையில் பிடிபட்டான், ஒரு வருடம் விளையாடத் தடை. பிரெஞ்சில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே என் பெயர்.

நானே முக்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். பிரசாந்தன் மெதுவாக, "விடுங்கோ அண்ணை, பிள்ளைதானே" என்றான். அந்த இரக்கம்தான் சுட்டது.

பொண்ட்ஸுக்காக நீ ஏன் அப்படி வாதாடினாய் என்று இப்போது விளங்குகிறது. என்னைக் கொண்டே உனக்குத் தீர்ப்பு எழுதுவிக்கப் பார்த்தாய். எழுதிவிட்டேன். அதை மாற்ற மாட்டேன். நீ கள்ளன். இனி விளையாடினால் வேறு பெயரைச் சட்டையில் போட்டுக்கொள். அந்தப் பெயரை நான் இந்த நாட்டில் மானத்தோடு வைத்திருந்தேன்.

தவரத்தினம்


மொன்றியல்
19.10.2024

அப்பாவுக்கு,

ஊசி போட்டேன். தோள் கிழிந்திருந்தது. சொன்னால் அணியிலிருந்து எடுத்திருப்பார்கள். எடுத்தால், படத்தை மாட்டிய உங்களுக்கு என்ன சொல்வது என்று பயந்தேன். பிழை என்னுடையது.

தடை வந்ததும் அணியின் வீட்டிலிருந்து வெளியேறச் சொன்னார்கள். எனக்கு இங்கே தெரிந்தது ஒருவரைத்தான். தில்லையம்பலம் மாமா மழைக்குள் கார் ஓட்டிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப் போனார். அவர் வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை அவரிடம் நானே வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார்.

"கொப்பர் இந்தச் சொல்லை எழுதியிருக்கக் கூடாது தம்பி" என்றார்.

ஏன் என்று கேட்டேன். சொல்ல மறுத்தார். நான் விடவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

இராணுவ முகாமில் வைத்துக் கம்பியைக் காய்ச்சிச் சுட்டது அவரைத்தான். அறையில் வேறு யாரும் இல்லாதபோது அதையெல்லாம் உங்களிடம் சொல்லியிருக்கிறார். எந்த முகாம், எந்த அதிகாரி, எந்த நாள். அகதி விசாரணை உங்களுக்கு முதலில் வந்தது. நீங்கள் போய் அவருடைய கதையை உங்களுடையதாகச் சொன்னீர்கள். உங்களுக்குப் பிரான்சில் இருக்க கார்த் கிடைத்தது. பிறகு அவர் போய்த் தன் கதையைச் சொன்னபோது, இதை ஏற்கெனவே வேறொருவர் சொல்லிவிட்டார் என்றார்களாம். சட்டையைக் கழற்றிக் காட்டினாராம். காயத்தை யாரும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்ததாம்.

அவர் பாரிசில் ஒளித்துத் திரிந்தார். அந்தக் காலத்தில்தான் நீங்கள் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டீர்கள். அவருடைய மனைவி வன்னியில் இருந்தார். அவரைக் கூப்பிட வழியில்லை. கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்து செத்துப்போனார். அதற்குப் பிறகுதான் மாமா கனடாவுக்கு வந்தார்.

"அப்ப ஏன் என்னைப் பாக்க வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"என்ரை கதையாலை ஒரு பிள்ளையெண்டாலும் நல்லா வந்திருக்கோ எண்டு பாக்க வந்தனான்" என்றார். அப்பா, அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இது நடந்ததா? நடந்திருந்தால் உங்களைக் கள்ளன் என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தக் கதையில்தான் நான் பாரிசுக்கு வந்தேன், அதில்தான் சாப்பிட்டேன், படித்தேன். எனக்கு ஒரு வரி போதும். ஓம் என்று எழுதுங்கள்.

லவன்


மார்க்ஸ் டோர்மோய்
12.01.2025

லவனுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் நோ. இங்கே கடும் குளிர். குசினியில் புது முதலாளி.

தில்லையம்பலம் சொல்வதை நீ நம்புகிறாய். நான் உன்னைப் பெற்றவன். எங்கள் சனத்தின் கதைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடந்தது ஒன்றுதானே. எல்லோரையும்தான் பிடித்தார்கள், எல்லோரையும்தான் அடித்தார்கள். அதில் இது உன்னுடையது, இது என்னுடையது என்று யார் வேலி போடுவது? அவருடைய வழக்கை அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பதறுவார், நாளை மாற்றுவார், அழுவார். அதற்கு நான் என்ன செய்ய?

அவருடைய மனைவிக்கு நடந்தது எனக்குத் தெரியாது.

இதை அம்மாவிடம் கேட்காதே. அந்த வீட்டிலிருந்து வெளியேறு. ஸ்தேனில் துஷாந்தி அக்காவின் வீட்டில் அறை இருக்கிறது. டிக்கெட் போட்டுத் தருகிறேன்.

அப்பா


மொன்றியல்
16.02.2025

அப்பாவுக்கு,

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்க மாட்டேன்.

தோளில் சத்திரசிகிச்சை முடிந்தது. இனிப் பந்து எறிய முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அணித் தலைவருக்கும் மற்றப் பெடியளுக்கும் முன்னால் போய் நின்று, நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஜூலியன் என்று ஒருவன், என்னால் பெஞ்சில் இருந்தவன், எழுந்து வெளியே போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவன் ஒருவனுடைய இடத்தை எடுத்துவிடுகிறான் என்று நீங்கள் எழுதியது சரி. அதை உங்களைவிட நன்றாக யாரும் எழுதியிருக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவர் தில்லையம்பலம் மாமா. டிக்கெட் வேண்டாம்.

நான் கேட்ட வரி வரும்வரை எழுத மாட்டேன்.

லவன்


மார்க்ஸ் டோர்மோய்
09.11.2025

அன்பு மகன் லவனுக்கு,

நீ எழுதுவதை நிறுத்தியபின் நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முந்திய மூன்றும் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த வருடத் தொடர் முழுவதையும் பார்த்தேன். டொரொன்டோ இவ்வளவு தூரம் வந்து கடைசி ஆட்டத்தில் தோற்றதைப் பார்த்துக் கனடாவில் நீங்கள் எல்லோரும் வெந்திருப்பீர்கள். எல்லோரும் இப்போது ஒட்டானிதான் பெரியவன் என்கிறார்கள். எறிகிறான், அடிக்கிறான், ஒரு ஆளுக்குள் இரண்டு ஆள். நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியாமல் எனக்கு ஆட்டம் அரைகுறையாக இருந்தது. பிரசாந்தனிடம் சொல்லத் தொடங்கினேன். அவன் கடன்காரனைக் கண்டதுபோல உள்ளே போய்விட்டான்.

சரி, நீ வென்றாய். பொண்ட்ஸ்தான். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். எது உள்ளே போயிருந்தாலும் பந்தைக் கண்டது அவருடைய கண், அடித்தது அவருடைய கை. கூஃபக்ஸை நான் விட்டுவிட்டேன். இதைவிட என்னால் இறங்கி வர முடியாது, மகன்.

நீ கேட்ட மற்ற வரியை எழுத முடியாது. எழுதினால் அது எழுதியதாகிவிடும். அம்மாவின் கார்த், என் கார்த், இந்த வீடு, இந்த இருபது வருடம், எல்லாம் எதன்மேல் நிற்கிறது என்று உனக்கு வயது வந்தால் விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அம்மாவோடு கதைக்கும்போது நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். எனக்கும் கேட்கட்டும் என்று அவள் போனைச் சத்தமாக வைக்கிறாள். போன கிழமை, "அப்பா இஞ்சைதான் நிக்கிறார், குடுக்கட்டோ?" என்று கேட்டாள். நான் எழுந்து கதவுவரை வந்துவிட்டேன். பிறகு நீ, "மாமா சாப்பிடக் கூப்பிடுறார் அம்மா, வைக்கிறன்" என்றாய்.

அங்கே என்ன சமைக்கிறார் என்றாவது எழுது.

அப்பா