பத்திரிகையில் என் பெயருக்குக் கீழே

ஓசூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் சுவேதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் உனக்குச் சளி காய்ச்சல் எதுவும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். கொஞ்ச நாளாக நீ போனில் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்கும் தெரியும். உன் தோழி தர்ஷினி லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறாளாம், அவளிடம் ராகி மாவும் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறோம், அதோடு இதையும் வைக்கிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

கல்யாணப் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். உன்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் கம்பெனியில் டைம் ஆபீசில் இருந்தேன், நிச்சயம் முடிந்த கையோடு அதை விட்டுவிட்டு நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேர்ந்தேன், அதை முடித்து இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், மாப்பிள்ளை வெங்கட் வீட்டாருக்கு இது தெரியாது. அதனால் என் பெயருக்குக் கீழே பழைய கம்பெனி பெயரையே போட்டுவிடுங்கள் என்றாய். ஆஸ்பத்திரியில் படுக்கை துடைக்கிறவர் என்று அவர்கள் சொந்தக்காரர்கள் பேசினால் மணவறையில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவேன் என்றும் கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கு வலித்தது கண்ணு, மறைக்க மாட்டேன். ஆனாலும் புது வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்தப் பயம் இருக்கும்தானே, அதுவும் புரிகிறது.

ஏன் விட்டீர்கள் என்று நீ இதுவரை கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். கம்பெனியில் முகத்தைப் பார்த்து வருகை போடும் மெஷின் வந்த பிறகு எனக்கிருந்த வேலை, கெலமங்கலம் பஸ் லேட்டானதால் லேட்டாக வந்தவனுக்கு அரை நாள் ஏன் போனது என்று விளக்குவதுதான். போன வருஷம் கூட வேலை செய்த சென்றாயன் விபத்தில் அடிபட்டுக் கிடந்தபோது துணைக்கு இருந்தேனே, அவனைத் துடைத்து, சோறு ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்தபோது நேரம் போனதே தெரியவில்லை. இந்த வேலை நமக்கு வரும் என்று அப்போதே தோன்றிவிட்டது. சம்பளம் குறைவுதான், முதுகும் வலிக்கிறது, முதல் வாரம் சாப்பாடு இறங்கவில்லை என்பதும் நிஜம். இப்போதெல்லாம் பசி நன்றாக எடுக்கிறது. எங்கள் வார்டில் திம்மப்பன் என்று ஒருவர், தேன்கனிக்கோட்டைப் பக்கம், இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கிறார். கன்னடம்தான் பேசுவார், எனக்கு இருக்கிற அரைகுறைக் கன்னடம் அவருக்குப் போதும். யானை ராகிக் காட்டில் இறங்கியதா என்று சொன்னால்தான் காலையில் உடம்பு துடைக்க விடுவார், அதற்காக நான் அவர் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். நேற்று யானை வரவில்லை என்றதும் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

புதன்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போன் போட்டு உன் மாமனார் நாராயணப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபித்துக்கொள், ஆனால் அச்சடித்த பிறகு தெரிவதைவிட இது மேல். மனிதர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "சம்பந்தி, சக்கர வியாதிக்காரன் காலுக்கு நகம் வெட்டத் தெரியுங்களா? நம்ம வெங்கட்டு தொட்டாலே நடுங்கறானுங்க" என்றார். மரியாதையா, காரியமா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை காலைக் கழுவுவதுதான் முறை, எனக்குச் சம்பந்தி காலும் சேர்ந்துகொண்டது. சம்பந்தியம்மா என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை, அவர் போனுக்கு வரவில்லை.

அப்புறம் அச்சகத்துக்குப் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம் என்றால் ரிட்டயர்டு என்று போட்டுவிடலாம் என்று அச்சகக்காரர் ஆஞ்சப்பன் சொன்னார். இத்தனை நாள் என் வேலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத உன் அம்மாவுக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, "விடியறதுக்குள்ள எந்திரிச்சி வேலைக்குப் போற மனுசன ரிட்டயர்டுன்னு போடுவீங்களா? நர்சிங் அசிஸ்டென்ட்டுன்னே போடுங்க, ஆஸ்பத்திரி பேரையும் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்து கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன், ஒரே மூச்சில் குடித்தாள்.

இருந்தாலும் கல்யாணம் உன்னுடையது. வெள்ளிக்கிழமை வரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம் என்று ஆஞ்சப்பனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்த வரி உனக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன், வெறும் பெயர் போதும், குறைபட்டுக்கொள்ளாமல் மேடையில் நிற்பேன். ஆனால் நான் பார்க்காத வேலையை என் பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டு உன்னைத் தாரை வார்க்க என்னால் முடியாதம்மா.

தையில் நீ வரும்போது பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன், அன்றைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. ராகி மாவு பூச்சி பிடிக்கும், வெளியே வைக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் வெங்கட்டும் நூறு வருஷம் மனம் கோணாமல் வாழ வேண்டும். பதிலை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. போனை என்னிடம் கொடுக்கச் சொல், பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா,
ஆனந்தராஜ்