குண்டு மாமா இளைத்த கதை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பாய், அந்தப் பதிலை இப்போதெல்லாம் நான் அப்படியே விழுங்குவதில்லை. காரணம் என் தம்பி, உன் குண்டு மாமா. டைபாய்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தான் என்று போனில் சொன்னேனே, அது பொய். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

ஆறு மாதத்தில் இரண்டு தடவை என் தையல் மெஷின் முன்னால் பேன்ட்டைக் கொண்டு வந்து போட்டு இடுப்பைப் பிடித்துத் தரச் சொன்னான். லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடமெல்லாம் எப்படி இளைத்தாய் என்று கேட்கிறார்களாம், பெருமை வேறு. எனக்கு அப்போதே பொறி தட்டியது. இவன் எந்த நாளில் வாயைக் கட்டினான்? கேட்டால் "வேலை ஜாஸ்திக்கா, சரியாத் தூக்கமில்ல" என்றான். வாய்ப்புண்ணுக்கு ஒரு டாக்டர் வைட்டமின் கொடுத்தார், இருமலுக்கு இன்னொருவர் அலர்ஜி என்றார், ஒருவரும் ரத்தத்தைப் பார்க்கவில்லை. நானோ குடிக்கிறான் என்று நினைத்து அவன் பையைத் துழாவினேன். இருமல் மருந்துதான் இருந்தது.

போன மாதம் வேலைக்குப் போன இடத்தில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். நுரையீரல் முழுக்கக் கிருமி. ஐ.சி.யூ.வில் ஒன்பது நாள், தொண்டையில் குழாய். நான் போனாலே நர்ஸுகள் பேச்சை நிறுத்தினார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று ஃபைலை எட்டிப் பார்த்துத் திட்டும் வாங்கினேன். குழாயை எடுத்த பிறகு அவனே கரகரத்த குரலில், "அக்கா, எனக்கு எச்.ஐ.வி." என்றான். பக்கத்தில் நின்ற டாக்டரம்மா, "ரெண்டு வருஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தா தினம் மாத்திரை போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிருப்பார், இந்தக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டார்" என்றார். அவனுக்கே சந்தேகம் இருந்திருக்கிறது. டெஸ்ட் எடுக்கிற அறை வாசல் வரை போய், வரிசையில் தெரிந்த முகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டானாம். அதைவிட என் வாய்க்குத்தான் பயமாம். எப்படி வந்தது என்று நாக்கு நுனி வரை வந்த கேள்வியை அப்படியே விழுங்கினேன்.

இப்போது உன் அறையில்தான் இருக்கிறான், மாத்திரை ஓடுகிறது, உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. அப்பா முதலில் அவனுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தார். நான் அவன் தட்டிலேயே கைவைத்துச் சாப்பிட்டதும் அந்தத் தனித் தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு வைத்துவிட்டார்.

இனி உன் விஷயம். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து நுழையும். கேட்டதற்கு "வேலை ஜாஸ்திம்மா, சரியாத் தூக்கமில்ல" என்கிறாய். உன் மாமா சொன்ன அதே சொல். வேறு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், என் புத்தி அப்படி. யாரோடு பழகுகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டேன். கேட்டுக் கேட்டுத்தான் தம்பியின் வாயை அடைத்தேன். இந்த வாரமே போய் எச்.ஐ.வி. டெஸ்டுக்கு ரத்தம் கொடு, நானும் கொடுத்துப் பார்த்தேன், எறும்புக் கடிதான். முடிவை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றினால் சொல்லாதே, டாக்டரிடம் மட்டும் ஒன்றையும் மறைக்காதே.

நோய்நொடி அண்டாமல் நூறு வயசு இருக்க வேண்டும் நீ. வேளைக்குச் சாப்பிடு.

உன்னைச் சந்தேகப்பட்டே வளர்த்த,
அம்மா