அட்டையில் பத்து, தாளில் ஒன்பதே முக்கால்

வெஸ்ட்பிரிக், ஒஹாயோ
பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய திருமதி டார்லீன் ஹப்பல் அவர்களுக்கு,

ரோவீனா ஸ்ட்ரூப் எழுதுவது. பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளை இப்படி விளிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் எரிச்சல்தான். அரிசோனா காற்று உங்கள் வீட்டுக்காரர் கெனின் நுரையீரலுக்கு ஒத்துக்கொண்டதா என்று முதலில் கேட்டுவிடுகிறேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

போனில் பேசலாமே என்பீர்கள். பேசினால் நான் கத்துவேன், நீங்கள் பதிலுக்குக் கத்துவீர்கள், நடுவில் கென் போனை வாங்கி, “ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா” என்று கேட்பார். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது.

விஷயம் இதுதான். பிரின்லி வெய்கண்டைப் பற்றி உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருப்பதை உடனே எடுக்க வேண்டும். இன்றைக்கே எடுக்க வேண்டும்.

“நீங்கள்” என்று இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ செய்த காரியத்துக்கு நீதான் சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ ஆயிரத்தெண்ணூறு மைலுக்கு அப்பால் திரையில் பார்த்தவள். இரண்டு முழங்காலையும் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தவள், நம் ஊர்ப் பெண், நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் ஆறு வருடம் முன்சீட்டில் வந்தவள், கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸின் கடைசி வருடத்தில் அந்த நாலங்குலக் கட்டையில், பீமில், ஏறி முழுப் பத்து வாங்கினாள். நாலாயிரம் பேர் எழுந்து நின்றோம். மாணவர்கள் பக்கம் மட்டுமல்ல, நம் கிழட்டு வரிசையிலும் எல்லார் கையிலும் “10” அட்டை. என் கையில் இருந்தது கென் நமக்கு வெட்டிக் கொடுத்தாரே, துணி உலர்த்தும் மெஷின் பெட்டி அட்டை, அதுதான்.

மறுநாள் நீ என்ன செய்தாய்? அவள் தாவலை நிறுத்தி நிறுத்திக் காட்டினாய். கால் முழுதாக விரியவில்லை என்று ஒரு சிவப்புக் கோடு. பாதம் மடங்கியதற்கு ஒரு வட்டம். இறங்கும்போது மார்பு தாழ்ந்ததற்கு ஓர் அம்பு. பக்கத்தில், நான் வழக்கம்போல இருக்கையிலிருந்தே ஒன்பதே முக்கால் என்று மார்க் போட்டு, நமக்குள் இருக்கட்டும் என்று உனக்கு அனுப்பிய தாள். மேலே கொட்டை எழுத்தில் “முழங்காலுக்குக் கிடைத்த பத்து.” மூன்று லட்சம் பேர் பார்த்தார்களாம். அவள் தோழிகள் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

முந்தாநாள் அடுத்த போட்டி. பீம் முறை வந்தது. ஹால் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிரின்லி நடுவருக்குக் கை தூக்கி வணக்கம் வைத்தாள். பீமில் கையை ஊன்றினாள். பிறகு நம் வரிசையை ஒரு தரம் பார்த்தாள், கையை எடுத்தாள், திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காலில் அடியில்லை, கையில் அடியில்லை. பயிற்சியாளர் குனிந்து ஏதோ கேட்டார், அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்கு உள்ளூரில் இனி ஒரே போட்டிதான், மார்ச் 9, கடைசி வருடப் பெண்களுக்கு விடைகொடுக்கும் நாள். அன்றைக்கு அவள் பீமில் ஏறாமல் போனால் அந்தப் பாவம் உன் தலையில். நீ பெரிய நியாயஸ்தி. பத்து எது, பத்து இல்லாதது எது என்று உலகத்துக்கே சொல்லித்தரப் பிறந்தவள். உன் மருமகள் சமையலுக்கு மார்க் போட்டு அவள் மூன்று மாதம் உன் வீட்டு வாசலை மிதிக்காததை நான் மறக்கவில்லை.

பதிவை எடு. எடுத்துவிட்டு எழுது.

இப்படிக்கு,
ரோவீனா ஸ்ட்ரூப்

(உன் இருக்கையில் இந்த வருடமும் என் கோட்டைத்தான் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் ஆள் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி.)

*

வெஸ்ட்பிரிக்
பிப்ரவரி 25

டார்லீன்,

உன் கடிதம் கிடைத்தது. கெனுக்கு இருமல் குறைந்தது என்பது மட்டும்தான் அதில் உருப்படியான செய்தி.

மற்றதெல்லாம் முகத்தில் அடித்தாற்போல எழுதியிருக்கிறாய். “அந்தத் தாளு யாரு கையெழுத்துடி? அந்தத் தலைப்பு யாரு எழுதினது? ஓரத்துல நீ கிறுக்கினதைத்தான் நான் மேல போட்டேன். உன் பேரு தெரியக்கூடாதுன்னு ஓரத்தை வெட்டினவ நான். இப்ப என்னையே கேள்வி கேக்குறியா?” என்று கேட்டிருக்கிறாய்.

அந்தத் தலைப்பையும் நான்தான் எழுதினேன். போன கடிதத்தில் அதை மட்டும் சொல்லாமல் விட்டேன். நீ விடமாட்டாய் என்று தெரிந்தும் விட்டேன்.

ஆனால் நீ கேட்பதற்கு முன்னாலேயே வேறொருத்தி கேட்டுவிட்டாள். என் தோள்வலிக்கு வாரம் இரண்டு நாள் காலையில் சிகிச்சைக்குப் போகிறேன் அல்லவா, அங்கே போன வியாழக்கிழமை பிரின்லி முழங்காலில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. அவளே பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

“ரோவீனா ஆன்ட்டி, ஏழுக்கு நடுவுல குறுக்குக் கோடு போடுறது நீங்கதானே” என்றாள். வருடக் கடைசியில் நாம் ஒவ்வொரு பெண்ணுக்கும் வாழ்த்து அட்டை அனுப்புவோமே, என் கையெழுத்தில் அவளிடம் மூன்று இருக்கிறதாம். நீ ஓரத்தை வெட்டினாய், ஏழை வெட்டவில்லை. ஒன்பதே முக்காலில் என் ஏழு நட்டநடுவில் நிற்கிறது.

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. “மார்க்கு சரிதான் ஆன்ட்டி. நானா இருந்தா இன்னும் கொஞ்சம் கொறைச்சிருப்பேன். அந்தத் தாவல் எனக்கே பிடிக்கல. அது இல்ல விஷயம். அன்னிக்கு இறங்கி நிமிர்ந்ததும் நான் முதல்ல பாத்தது உங்களைத்தான். அட்டையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. எழுதிட்டு எழுந்தீங்களா, எழுந்துட்டு எழுதுனீங்களா?” என்று கேட்டாள்.

டார்லீன், நம் சட்டம் உனக்குத் தெரியும். பலகையில் நடுவர் மார்க் வருவதற்குள் நம் மார்க்கை எழுதிப் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். பிறகு திருத்தக் கூடாது. நீயும் நானும் பத்தொன்பது வருடம் மீறாத சட்டம். அதனால் நான் உள்ளதைச் சொன்னேன். எழுதிட்டுத்தான் எழுந்தேன் என்றேன். பத்து என்று பலகையில் வந்து, எல்லாரோடும் சேர்ந்து அழுது முடித்து, உட்கார்ந்த பிறகு ஓரத்தில் அந்த வரியை எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். “இப்ப அந்த ஹாலுக்குள்ள போனா எல்லாரு அட்டைக்குப் பின்னாலயும் ஒரு தாளு இருக்கிற மாதிரியே தெரியுது ஆன்ட்டி. யாரு உண்மையா கத்துறாங்கன்னு தெரியல. பீம்ல கை வெச்சா அதான் ஞாபகம் வருது” என்றாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

நான் எழுந்து நின்றதும் பொய்யில்லை, எழுதியதும் பொய்யில்லை. உனக்கு மட்டும்தான் அது புரியும். அந்தப் பெண்ணுக்கு அதை எப்படிச் சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் இப்போது வேறொன்று கேட்கிறேன். பதிவை எடுக்க மனமில்லை என்றால் விடு. ஆனால் வெட்டிய ஓரத்தை ஒட்டு. என் பெயரைப் போடு. வெஸ்ட்பிரிக், நான்காவது வரிசை, ரோவீனா ஸ்ட்ரூப் என்று ஊரறியப் போடு. எழுதியது ஒருத்திதான் என்று தெரிந்தால் மற்ற நாலாயிரம் பேர்மேலாவது அவளுக்கு நம்பிக்கை வரும். இதைக்கூடச் செய்யமாட்டாய் என்றால் நீ ஒரு மனுஷியே இல்லை.

இனிமேல் உனக்குத் தாள் அனுப்பமாட்டேன். உன் பக்கத்துக்கு வேறு கண்ணைத் தேடிக்கொள்.

ரோவீனா

*

வெஸ்ட்பிரிக்
மார்ச் 10

டார்லீனுக்கு,

“உன் பேரையெல்லாம் போட முடியாது, போடி. வேற வேலை இருந்தா பாரு” என்று ஒரே வரி எழுதியிருந்தாய். ஒரு கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டி அனுப்பத் தக்க வரியா அது? அது வந்து சேர்ந்த அன்றே உன் பக்கத்தைப் பார்த்தேன். பதிவு இல்லை. எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தப் பெண்ணிடம் ஒரு மன்னிப்பு இல்லை. யாருக்காக எடுத்தாய் என்று எனக்குத் தெரியும், என் பெயர் வெளியே வரக் கூடாதென்றுதான். அதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. அதற்குள் நூறு பேர் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள்.

நீ போடாததால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. நேற்று போட்டி தொடங்குமுன் பிரின்லியின் அப்பா டுவைட்டைத் தேடிப் போனேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே, மகள் பீமில் ஏறினால் பாப்கார்ன் விற்கும் கதவுப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாரே, அந்த ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரர். கையில் பூங்கொத்து, கழுத்தை இறுக்கும் டை. அந்தத் தாளும் தலைப்பும் என்னுடையவை என்றேன். அவர் பூங்கொத்தைப் பார்த்துக்கொண்டே, “தெரியும். வீட்ல சொல்லிட்டா” என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வரிசையில் வந்து உட்கார்ந்தேன். பேனா கொண்டுபோகவில்லை. அட்டையும் கொண்டுபோகவில்லை. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, மடியில் வைத்துக்கொண்டேன்.

பீமில் ஆறு பேர் ஏறி இறங்கினார்கள், அதில் அவள் இல்லை. அப்புறம் ஏழாவதாக அவளை அழைத்தார்கள். மார்க் கணக்கில் சேராத ஆட்டம், பலகையில் எதுவும் வராது. அவள்தான் அப்படிக் கேட்டாளாம். அந்த நேரம் பார்த்து டுவைட் படியிறங்கி வந்து, உன் இருக்கையில் கிடந்த என் கோட்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். “இன்னிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்க மனசு வரல” என்றார். ஆள் வருகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் பீமில் கையை ஊன்றினாள். நம் வரிசையைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், ஒன்றுமில்லை என்று. ஏறிவிட்டாள்.

முடிந்து இறங்கியதும் ஹாலே எழுந்தது. நான் எழவில்லை. டுவைட் என் கையைப் பிடித்து, “நான் கண்ணை மூடிக்கிட்டேன். எப்படிப் பண்ணா? உள்ளதைச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். “தாவல்ல கால் நல்லா விரிஞ்சுது. நடுவுல ஒரு தடவை இடுப்பு ஆடிச்சு. இறங்கும்போது ஒரு அடி பின்னால போச்சு. ஒன்பதே முக்கால்” என்றேன். அவர், “அப்ப எழுந்து நிக்கலாமா” என்று கேட்டார். நிற்கலாம் என்றேன். நின்றோம். தொண்டை கட்டும்வரை கத்தினேன், இன்றைக்குக் குரலே இல்லை.

எல்லாம் முடிந்து பெண்கள் கையெழுத்துப் போட வந்தபோது பிரின்லி கம்பியருகே வந்து நின்றாள். சிரிக்கவில்லை. நேராக என்னிடம், “எவ்வளவு” என்றாள். ஒன்பதே முக்கால் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “இல்ல ஆன்ட்டி. ஒன்பது புள்ளி ஏழு. சுத்தும்போது பாதம் மடங்குச்சு, பாக்கலையா” என்றாள்.

நான் பார்க்கவில்லை, டார்லீன். அந்தப் பாதம் உன் பக்கம். உன் இருக்கையிலிருந்துதான் அது தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த மனுஷர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவுமில்லை. உன்னை நான் மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னித்திருக்கமாட்டாய், அதற்கும் காரணம் இருக்கிறது. கென் மூச்சுத் திணறாமல் உறங்கட்டும். உனக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளட்டும்.

அடுத்த ஜனவரியில் போட்டிகள் மறுபடி தொடங்கும்போது உன் இருக்கையில் கோட்டைப் போட்டு வைக்கமாட்டேன். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரட்டும். நீ வந்து உட்கார்ந்தாலும் நான் எழுந்து போகமாட்டேன்.

ரோவீனா